தோட்டத்து ரயிலுக்கு ஒரு கேட்

1

சென்ற மார்ச் மாதம் எங்கள் நகராட்சியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஜெர்மனியின் தென்பகுதியில் நாங்கள் குடியிருக்கும் இச்சிறு நகரத்தில், ஒவ்வொரு வீட்டு மனையிலும் எவ்வளவு தரை சிமெண்டாலும் கல்லாலும் மூடப்பட்டிருக்கிறது என்பதை வானத்திலிருந்து எடுத்த படங்களைக் கொண்டு சரிபார்க்கிறார்கள். மூடிய தரையில் விழும் மழை பொதுச் சாக்கடைக்கு வருகிறதென்றால் அதற்கு ஒரு கட்டணம் உண்டு. எங்கள் தோட்டத்தின் படத்தில் யாரோ சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தார்கள். வட்டத்துக்குள் ஒரு மெல்லிய சாம்பல் கோடு, சமையலறைச் சுவரில் புறப்பட்டு, ஆப்பிள் மரத்தைச் சுற்றிக்கொண்டு, கருவிகள் வைக்கும் கொட்டகை வரை போயிற்று. இது என்ன? இதன்மேல் விழும் மழை எங்கே போகிறது? இரண்டு கேள்விகள், இரண்டு கட்டங்கள்.

முதல் கட்டத்தில் ‘ரயில்பாதை’ என்று எழுதினேன். இரண்டாவது கட்டத்துக்கான பதில் என்னிடம் தயாராக இருந்தது, ஏனென்றால் அதுதான் என் தொழில். தெருக்களுக்கும் குடியிருப்புகளுக்கும் மழைநீர் வடிகால் கணக்கிட்டுக் கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் வேலை செய்கிறேன். பாதைக்கு அடியில் துளையிட்ட குழாய் போட்டிருக்கிறது, அது சரளை நிரப்பிய குழியில் போய் முடிகிறது, ஒரு சொட்டும் சாக்கடைக்கு வருவதில்லை என்று படம் வரைந்து அனுப்பினேன். இரண்டு வாரத்தில் ஏற்றுக்கொண்டதாகப் பதில் வந்தது. இந்நாட்டுக்கு வந்து பதினான்கு ஆண்டுகளில் நான் ஓர் அலுவலகத்துக்கு எழுதியவற்றில், திருத்தம் கேட்காமல் ஏற்றுக்கொள்ளப்பட்டது இது ஒன்றுதான்.

நாற்பதை நெருங்கும் ஒருவன் வீட்டுத் தோட்டத்தில் பொம்மை ரயில் விட்டுக்கொண்டிருக்கிறானா என்று ஊரில் இதைப் படிப்பவர்கள் கேட்கலாம். விட்டுக்கொண்டிருக்கிறேன்.

2

தண்டவாளம் பக்கத்து வீட்டு வேபர் கொடுத்தது. அவர் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். முழங்கால் அறுவைக்குப் பிறகு குனிய முடியாமல் போனதால் தம் தோட்டத்து ரயிலைக் கழற்றிவிட்டார். பித்தளைத் தண்டவாளங்களை மூன்று அட்டைப் பெட்டிகளில் அடுக்கி, ஒரு சனிக்கிழமை வேலிக்கு மேலாக என்னிடம் நீட்டினார். இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே நாற்பத்தைந்து மில்லிமீட்டர் இடைவெளி. உண்மையானதில் ஏறத்தாழ இருபத்திரண்டில் ஒரு பங்கு அளவில் எஞ்சினும் பெட்டிகளும் அதன்மேல் ஓடும். இங்கே இதைப் பொழுதுபோக்காக வைத்திருக்கிறவர்கள் மிகுதி. பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள், பெரும்பாலும் ஆண்கள்.

ஒரு கோடைக்காலம் முழுவதும் வேலை நடந்தது. இரண்டு சாண் அகலத்துக்கு மண்ணை வெட்டி எடுத்து, சரளை கொட்டி இடித்து, குழாய் போட்டு, அதன்மேல் மெல்லிய சிமெண்டுத் தளம். இங்கே குளிர்காலத்தில் மண்ணுக்குள் இருக்கும் நீர் உறைந்து தரையையே தூக்கும். வடிகால் சரியில்லாத பாதை வசந்தத்தில் பாம்புபோல் நெளிந்து கிடக்கும். தளத்தின்மேல் தண்டவாளம். இடுக்குகளில் பொடிக் கருங்கல் ஜல்லி, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தள்ளி நிரப்பியது.

சமையலறைச் சுவரோரம் விழுப்புரம். கொட்டகையோரம் திண்டிவனம். விழுப்புரத்தில் ஐந்து பாதைகள் பிரிய வேண்டும். எனக்கு இடம் இருந்தது இரண்டுக்கு. நடுவில், ஆப்பிள் மரத்தின் வளைவு முடியும் இடத்தில், எங்கள் ஊர். பெயரை இக்குறிப்பில் எழுதவில்லை. காரணம் பின்னால் வரும். தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் ஊர், பள்ளிக்கூடம், ரேஷன் கடை, பஸ் நிற்கும் இடம். அந்தப் பக்கம் கொஞ்சம் வயல், வயலுக்கு அப்பால் காலனி. மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை வயலுக்குப் பதில், தரையோடு படரும் ஒரு மூலிகைச் செடியை வரிசையாக நட்டேன். இரண்டுக்கும் நடுவே ரயில்வே கேட். அலுமினியக் குச்சிகளுக்குச் சிவப்பும் வெள்ளையும் அடித்து, சைக்கிள் பிரேக் கம்பியில் கட்டி, சமையலறைப் படியில் உட்கார்ந்து இழுத்தால் ஏறி இறங்கும்படி செய்தேன். நான் செய்தவற்றில் சரியாக அமைந்தது அந்தக் கேட்தான்.

ஓட்டுவது என்பது பெரும்பாலும் துடைப்பதுதான். பித்தளை கறுக்கும், கறுத்தால் மின்சாரம் பாயாது, பாத்திரம் தேய்க்கும் பச்சைத் துணியால் பாதை முழுவதும் தேய்க்க வேண்டும். நத்தைகள் தண்டவாளத்தின்மேல் ஊர்ந்த ஈரத்தில் எஞ்சின் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். இலையுதிர்காலத்தில் வாரம் இருமுறை கூட்டிப் பெருக்க வேண்டும். எல்லாம் முடிந்தபின் நீலப் பெட்டிகள் நான்கை மாட்டி, விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரை விடுவேன். முப்பத்தைந்து வினாடி. பிறகு திரும்ப. அப்போது மகிழ்ச்சி வருகிறதா என்று என் மனைவி ஒருமுறை கேட்டாள். ஒன்றும் வருவதில்லை, அதற்காகத்தான் விடுகிறேன் என்றேன்.

3

என் மகள் நிலாவுக்குப் பன்னிரண்டு வயது. தொடக்கத்தில் நடைமேடை மனிதர்களுக்கெல்லாம் அவள்தான் வண்ணம் அடித்தாள். இரண்டு ஆண்டுகளாக, கூப்பிட்டால் வருவாள், வந்தால் கைபேசியோடு நிற்பாள். என் தமிழ்க் கேள்விக்கு ஜெர்மனில் பதில் சொல்வாள். அதற்கு நானும் ஜெர்மனில் பதில் சொல்லிவிட்டு, யார் முதலில் மாறியது என்று பிறகு யோசிப்பேன். ‘நம்ம ஊர்’ என்று சொல்லிக்கொண்டிருந்தவள் எப்போதோ ‘உன் ஊர்’ என்று சொல்லத் தொடங்கியிருந்தாள். எப்போது என்று கவனிக்கவில்லை.

நகராட்சிக் கடிதத்தில் இருந்த படம் அவளுக்குச் சிரிப்பை மூட்டியது. மேலேயிருந்து பார்த்தால் நம் தோட்டம் இப்படியா என்றாள். உடனே கைபேசியில் என் ஊரைத் தேடி, அதையும் மேலேயிருந்து பார்த்தாள்.

“அப்பா, இங்க கேட் இல்ல.”

“பெருசாக்கிப் பாரு.”

“பெருசாதான் இருக்கு. ரெண்டு வெள்ளைச் சுவர். ரோடு தண்டவாளத்துக்குக் கீழ போகுது. உள்ள பச்சையா தண்ணி.” சற்று நிறுத்திவிட்டு, “நீச்சல் குளமா?” என்றாள்.

கேட்டை எடுத்துவிட்டுச் சுரங்கப்பாதை கட்டியது எனக்குத் தெரியும். நான் இங்கே வந்த மூன்றாம் ஆண்டு கட்டினார்கள். ஊருக்குப் போகும்போதெல்லாம் கார் பெரிய சாலையிலிருந்து நேரே எங்கள் வீட்டு வாசலுக்கு வந்துவிடும். அந்தப் பக்கம் போக எனக்கு வேலை இருந்ததில்லை.

“அப்ப நீ கட்டினது பொய்யா?” இதை அவள் ஜெர்மனில் கேட்டாள்.

“பொய் இல்ல. பழசு.”

“அப்ப ஒரு போர்டு வை. பழசுன்னு.”

போர்டு வைப்பதைவிடச் சுரங்கப்பாதையையே கட்டிவிடுவது முறை என்று எனக்குப் பட்டது. அளவுகள் வேண்டும். அண்ணனைக் கேட்கலாம், ஆனால் அவர் இந்தப் பொம்மையைப் பற்றி ஏற்கெனவே போதுமான அளவு சிரித்திருந்தார். ஆரோக்கியத்தைக் கூப்பிட்டேன்.

4

ஆரோக்கியமும் நானும் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை ஒரே பெஞ்சு. அவன் காலனியில் இருக்கிறான். திண்டிவனத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறான். நான்கு ஆண்டுகளாக நாங்கள் பேசியிருக்கவில்லை.

“இன்னாப்பா, பாஸ்கரா? இன்னா திடீர்னு? அங்க மணி இன்னா இப்ப?”

“காலைல ஒன்பது. ஒரு உதவி ஆரோக்கியம். கேட்டு இருந்த எடத்துல சப்வே கட்டினாங்கல்ல, அத நாலு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்ப முடியுமா? அகலம், உயரம் எல்லாம் தெரியணும்.”

“எதுக்குப்பா?”

“வீட்டுத் தோட்டத்துல ரயில் செஞ்சிருக்கேன். நம்ம லைன்தான். அளவு சரியா வைக்கணும்.”

மறுமுனையில் காயில் சுற்றும் சத்தம் நின்றது.

“ரயிலா? ஓடுமா?”

“ஓடும்.”

“நம்ம ஊர்ல நிக்குமா?”

“நிறுத்தினா நிக்கும்.”

“பரவால்லையே. இங்க நிக்கறதில்ல.” சிரித்தான். பிறகு, “போட்டோ எதுக்கு, வீடியோவே இருக்குது. அனுப்பறேன். பாத்துட்டு நீயே கூப்பிடு” என்றான்.

சென்ற ஐப்பசி மழையில் எடுத்த வீடியோ. சுரங்கப்பாதைக்குள் பழுப்பு நீர் ஆள் மார்பளவு நின்றது. பெண்கள் பக்கத்து மேட்டில் கையூன்றி ஏறினார்கள். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார்கள், சிலர் தலையில் பிள்ளைகளின் புத்தகப்பையை வைத்திருந்தார்கள். மேலே இரண்டு பாதைகள். நைட்டிக்கு மேல் துண்டு போட்ட ஒரு பெண் தண்டவாளத்தோரம் நின்று, ஒரு கையைத் தூக்கிக்கொண்டு கத்தினாள்: “வருது வருது! நில்லுங்கடி! ஏய் ஜோதி, உன்னத்தான்!” பதினைந்து வினாடி கழித்து ரயில் போயிற்று.

திரும்பக் கூப்பிட்டேன்.

“அது யாரு, கை தூக்கினது?”

“மேரி. என் தங்கச்சி. மறந்துட்டியா? தண்ணி நின்னா வீட்டுக்கு ஒரு நாளு முறை. பொழுது விடிஞ்சதுலேர்ந்து பொழுது சாயற வரைக்கும் ஒரு ஆளு மேட்ல நின்னுக்கினு ரெண்டு பக்கமும் பாக்கணும். நீ கேட்ட எடுத்த, நாங்க கேட் கீப்பர் வச்சிக்கினோம்.”

‘நீ’ என்றது என் காதில் விழுந்தது.

“அன்னிக்கு அவ முறை. அதுக்கு அடுத்த வாரம் முறை இல்லாத அன்னிக்கு, கட்டட வேலைக்குப் போவ ஜல்தியா ஏறினா, மேட்லேர்ந்து சறுக்கிட்டா. இடுப்பெலும்பு. ரயிலு இல்ல, அது வரைக்கும் சரி. இப்ப நடக்கறா, குச்சி வச்சிக்கினு.”

“ஆட்சியர் கிட்ட மனு குடுக்கலாமே ஆரோக்கியம்.”

“குடுத்தோம்பா. பதிலும் வந்துச்சு. அத்தயும் அனுப்பறேன். அதுல உன் கையெழுத்து அயகா இருக்குது.”

5

பதிலோடு ஒரு பழைய தாளின் நகல் இணைக்கப்பட்டிருந்தது. இரு பக்கத்து மக்களும் முழுச் சம்மதத்துடன் கையொப்பமிட்டதன் பேரிலேயே கேட் நிரந்தரமாக மூடப்பட்டது என்பது பதிலின் சாரம். நகலில் முதல் கையொப்பம் என்னுடையது. தாளை எழுதியதும் நான்தான்.

அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. விழுப்புரத்தில் கட்டடப் பொறியியல் முடித்துவிட்டு, வெளிநாட்டுப் படிப்புக்கு விண்ணப்பித்துக் காத்திருந்தேன். அந்த ஓராண்டில் ஊருக்கு ஏதாவது செய்துவிட்டுப் போக வேண்டும் என்ற எண்ணம் மெய்யாகவே இருந்தது. கேட் அரைமணி, முக்கால் மணி மூடிக் கிடக்கும். அறுவடைக் காலத்தில் டிராக்டர்கள் வரிசையாக நிற்கும், காலனியில் பிரசவ வலி எடுத்தவர்கள் ஆட்டோவிலேயே காத்திருப்பார்கள். கேட்டுக்குப் பதில் சுரங்கப்பாதை என்பது இரு பக்கத்துக்கும் நன்மை என்று நான் கணக்கிட்டேன். பொய்க் கணக்கு இல்லை.

தாளில் மூன்று பத்திகள். முதல் பத்தி சிரமங்கள். இரண்டாவது பத்தி கோரிக்கை. மூன்றாவது பத்தி, சுரங்கப்பாதை அமைந்தபின் கேட் நிரந்தரமாக மூடப்படுவதிலும், நடந்து கடக்கும் வழி அடைக்கப்படுவதிலும் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்பது. அந்த வாசகம் இல்லாமல் மனுவை வாங்கமாட்டார்கள் என்று ஓர் அலுவலகத்தில் சொன்னார்கள். ஊர்க்கூட்டம் மாரியம்மன் கோயில் வாசலில் நடந்தது. அங்கே மூன்று பத்தியையும் படித்தேன். கோயில் வாசல் கூட்டத்துக்குக் காலனிக்காரர்கள் வருவதில்லை, கூப்பிடுவதுமில்லை. அது எனக்கு உறுத்தியது. எனவே தாளை எடுத்துக்கொண்டு காலனிக்கு நானே போனேன். அதைப் பெரிய காரியமாக அன்று நினைத்தேன்.

வேலை முடிந்து எல்லோரும் வீடு திரும்பியிருந்த சாயங்காலம். மாதா கோயிலுக்கு முன்னால் கூடினார்கள். முதல் பத்தியைப் படித்தேன், சிரித்தார்கள், ஆமாம் ஆமாம் என்றார்கள். இரண்டாவதைப் படித்தேன். மூன்றாவதைப் படிக்கவில்லை. மறக்கவில்லை. படித்தால் வயதானவர்கள் யாராவது ‘மழைத்தண்ணி நின்னா?’ என்று கேட்பார்கள், பேச்சு நீளும், அடுத்த வாரம் பார்க்கலாம் என்பார்கள், எனக்கு விசா நேர்காணலுக்கு நாள் குறித்தாகிவிட்டது, மனு அப்படியே நின்றுவிடும் என்று ஒரு கணத்தில் எண்ணிப் பார்த்தேன். நன்மை பெரிது, மறைப்பது சிறிது. தாளை மடக்கி, கையொப்பமிடும் பக்கம் மட்டும் மேலே இருக்கும்படி நீட்டினேன். நாற்பத்தொரு பேர். அவர்களில் பதினேழு பேர் கைநாட்டு. மேரி தன் பெயரை முழுதாக, அழகாக எழுதினாள்.

6

“எங்க வக்கீல் சொல்றாரு,” என்றான் ஆரோக்கியம், “அந்தத் தாள எழுதினவரே, காலனியில மூணாவது பத்திய நான் படிச்சிக் காட்டலன்னு எழுதிக் குடுத்தா, சம்மதம்னு சொல்றது நிக்காதாம். மேல ஏறிப்போற நடைபாலமோ, இல்ல கேட்டோ கேக்கலாம்ன்றாரு. அடுத்த ஐப்பசிக்குள்ள. உன்ன கட்டாயப்படுத்தல. நீதான் கூப்ட்ட, அதனால சொல்றேன்.”

யோசிக்க ஒரு வாரம் கேட்டேன். அவன் “யோசி யோசி. நீ யோசிக்கற ஆளுதான்” என்றான்.

அண்ணனிடம் நானே சொன்னேன். ஏழுமலை அண்ணன் அப்பாவின் நிலத்தைப் பார்த்துக்கொண்டு ஊரிலேயே இருக்கிறார். அப்பா இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. ஞாயிற்றுக்கிழமைதோறும் நாங்கள் பேசுவோம்.

“ஏன்டா, உனக்கு அங்க சோறு செரிக்கலையா?”

“நடந்தது உண்மைதான அண்ணா.”

“யாரு இல்லன்னாங்க? நீ அங்க உக்காந்துக்கினு உண்மைய எழுதுவ. நான் இங்க டீக்கடைக்குப் போவணும். கெளறினா யார் யாரு பேரு வரும்னு தெரியுமா? பேஜாரு புடிச்ச வேல இது.”

“என் பேரு மட்டும்தான். எழுதினது நான், படிக்காம விட்டது நான்.”

பின்னால் மாடு கத்தியது.

“அப்பா பேரு?”

“வராது.”

“அப்பா பேரு அதுல ஒரு எழுத்து வரக்கூடாது. உன் பேரோட நிறுத்திக்க, எப்பிடியோ போ. ஆவணியில பிரியா கல்யாணம். பிரம்மதேசத்து மாப்ள வீட்ல பத்திரிக்கைக்குப் பேரு கேட்டுக்கினு இருக்காங்க. சித்தப்பான்னு உன் பேரு போட்டு அடிக்கக் குடுக்கப் போறேன். அப்பா பேரு அந்தத் தாள்ல வந்துச்சுன்னா பத்திரிக்கையில உன் பேரு இருக்காது. கல்யாணத்துக்கும் வராத. அவ்ளோதான்.”

“சரிண்ணா.” இக்குறிப்பில் ஊர்ப் பெயரை எழுதாததற்கும் காரணம் அவர் போக வேண்டிய அந்த டீக்கடைதான்.

இது நியாயமான ஏற்பாடு என்றே பட்டது. அவர்களுக்கு வேண்டிய வாசகம் கிடைக்கும், அண்ணனுக்கு வேண்டியது காப்பாற்றப்படும். எல்லாப் பக்கமும் எண்ணிப் பார்த்து ஒரு பக்கத்தில் எழுதி முடித்தேன்.

7

அந்தத் தாளுக்குச் சான்று வாங்க இந்தியத் தூதரகத்தில் நேரம் கிடைக்க ஐந்து வாரம் ஆயிற்று. அந்த ஐந்து வாரத்தில் சுரங்கப்பாதையைக் கட்டினேன். சிமெண்டுத் தளத்தை ஓரிடத்தில் அறுத்து, பாதைக்குக் கீழே பள்ளம் எடுத்து, இரண்டு பக்கமும் சரிவுச் சுவர் வைத்து, வெள்ளை அடித்தேன். கேட்டைக் கழற்றிக் கொட்டகையில் வைத்தேன். வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து அளவு எடுத்தேன். சுரங்கப்பாதைத் தண்ணீர் வடிய வேண்டிய ஏரிக்கால்வாய் எந்த உயரத்தில் ஓடுகிறது என்பது எனக்குத் தெரியும். கணக்குப் போட்டபோது, சுரங்கப்பாதையின் தரை கால்வாயைவிடத் தாழ்வாக இருக்கிறது, நீர் போக வழி இருக்க முடியாது என்பது பத்து நிமிடத்தில் தெரிந்தது. இருபத்துமூன்று வயதிலும் அந்தக் கணக்கு எனக்குத் தெரியும். போட்டுப் பார்க்கவில்லை.

பூவாளியால் நீர் ஊற்றிப் பார்த்தேன். என் பள்ளத்தில் நீர் நிற்கவில்லை, அடியில் நான் போட்ட குழாய் இழுத்துக்கொண்டது. உண்மைபோல் இருக்க வேண்டுமானால் குழாயின் வாயைத் துணியால் அடைக்க வேண்டியிருந்தது. அடைத்தேன். மூன்று நாள் நீர் நின்றது. ஒரு கறுப்புக் குருவி வந்து குளித்துவிட்டுப் போயிற்று. ரயில் அதன்மேல் வழக்கம்போல ஓடியது. முப்பத்தைந்து வினாடி.

நான்காம் நாள் காலையில் மேட்டின்மேல் ஒரு புதிய உருவம் நின்றது. நைட்டி, துண்டு, தூக்கிய கை. நிலா செய்து வைத்திருந்தாள். வீடியோவை அவளிடம் நான் காட்டவில்லை. அவள் அம்மாவிடம் கேட்டு வாங்கிப் பார்த்திருக்கிறாள்.

“இவங்களுக்குச் சம்பளம் யாரு குடுப்பாங்க?” என்று தமிழில் கேட்டாள்.

யாரும் இல்லை என்றேன். தலையாட்டிவிட்டு மிதிவண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

தூதரகத்துக்கு ரயிலில் இரண்டரை மணி நேரம். கடவுச்சீட்டு, நகல், புகைப்படம், தமிழ்த் தாளுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு. அடுக்கி வைத்த வரிசையிலேயே வாங்கிப் பார்த்தார்கள். சான்றளிக்கும் அதிகாரி இளையவர், மரியாதையானவர். பேனாவை என் பக்கம் தள்ளுமுன், இதில் எழுதியிருப்பதை முழுதும் படித்தீர்களா, புரிந்து, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல்தான் கையெழுத்திடுகிறீர்களா என்று கேட்டார். விதி அது, எல்லோரிடமும் கேட்பார். பத்து வினாடிகூட ஆகவில்லை. ஆமென்றேன். கையெழுத்திட்டேன். முத்திரை விழுந்தது. தாளை அன்றே தபாலில் சேர்த்தேன்.

8

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிறு ஆரோக்கியம் கூப்பிட்டான்.

“வந்துச்சுப்பா. பூசை முடிஞ்சதும் மாதா கோயில் வாசல்ல எல்லாரையும் நிக்க வச்சி நானே படிச்சேன். ரெண்டு தபா. ரெண்டாவது தபா கெழவிங்க கேட்டாங்கன்னு.”

“என்ன சொன்னாங்க?”

“சொன்னாங்க. தாங்ஸ் சொன்னாங்க. ஜோதி மாமியாரு உன்ன ரொம்ப நல்ல புள்ளன்னிச்சு.” நிறுத்தினான். “மேரிதான் சிரிச்சிக்கினே இருந்தா.”

“ஏன்?”

“விடுப்பா.”

“சொல்லு ஆரோக்கியம்.”

“இரு, அவளே இங்கதான் இருக்கா. ஏய், நீயே சொல்லு.”

மேரியின் குரலை நான் பதினைந்து ஆண்டுகளாகக் கேட்டதில்லை. வீடியோவில் கேட்டதைத் தவிர.

“நல்லா இருக்கீங்களா? பாப்பா நல்லா இருக்குதா?” என்றாள். “நான் ஒண்ணும் தப்பா சொல்லலங்க. மூணாவது பத்திய படிக்காததாலதான் கையெழுத்துப் போட்டோம்னு எழுதியிருக்கீங்க, அத கேட்டுத்தான் சிரிப்பு வந்துச்சு. படிச்சிருந்தா மட்டும் போடாம இருந்திருப்பமா?”

அவளே தொடர்ந்தாள்.

“பொழுது விடிஞ்சா உங்க கொல்லையில மல்லாட்டை புடுங்கற வேல. ஊர்ல வேற யாரு வேல குடுத்தாங்க அந்த மாசம்? உங்கப்பா ரோட்டு மேல டிராக்டர நிறுத்திட்டு, அதும்மேல உக்காந்துக்கினு, யாரு போடறா யாரு போடலன்னு பாத்துக்கினே இருந்தாரு. நீங்க அத படிச்சா இன்னாங்க, பாடினா இன்னாங்க?”

பின்னால் ஆரோக்கியம் “ஏய், போதும் குடு” என்றான். அவள் கொடுக்கவில்லை.

“எழுதினதுதான் எழுதினீங்க, அதயும் சேத்து எழுதியிருக்கலாம். எனக்கு எழுதப் படிக்கத் தெரியும். அன்னிக்கே உங்க கையிலேர்ந்து தாள வாங்கித் திருப்பி, மூணாவதையும் படிச்சிட்டுத்தான் போட்டேன்.”

அப்பா டிராக்டரில் உட்கார்ந்திருந்தது எனக்கு மறந்துபோகவில்லை. என்னைக் காலனியில் கொண்டுவந்து விட்டதும், விட்டபின் போகாமல் காத்திருந்ததும், எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்ததும் நினைவில் இருக்கிறது. தூதரகத்தில் முத்திரை வாங்கிய தாளில் அதை எழுதவில்லை. இந்தக் குறிப்பிலும், மேலே ஐந்தாம் பகுதியில், எழுதாமல் விட்டிருக்கிறேன். இப்போது திருத்தவில்லை, அப்படியே இருக்கட்டும்.

வக்கீலைக் கேட்டேன். முதல் தாளைத் திரும்பப் பெற வேண்டியதில்லை, கூடுதலாக இன்னொன்று கொடுக்கலாம், வாங்கிக்கொள்வார்கள் என்றார். தூதரகத்தில் அடுத்த மாதம் ஒரு வியாழக்கிழமை காலை நேரம் கிடைத்திருக்கிறது. ஒரு பத்திதான். அண்ணனிடம் நேற்றுச் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டார். ஒரு மணி நேரம் கழித்துப் பிரியாவின் பத்திரிகையை அனுப்பினார். மஞ்சள் ஓரம், பிள்ளையார், இரண்டு குடும்பத்துப் பெயர்களும் முறைப்படி வரிசையாக இருந்தன. சித்தப்பா என்ற வரி இல்லை. அப்பாவின் பெயர் அதில் இருந்த இடத்தைப் பார்த்து, எழுத்து மாறாமல், இரண்டாவது தாளில் எழுதிவிட்டேன்.